தனியாக, மண்பாதையில், மலைமேலே: முதல்முறை ஓட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நம் ஊரின் ஆக உயரமான இடம் புக்கிட் தீமா மலை. 163 மீட்டர் சொச்சம். உச்சிவரை தார்ச்சாலை இருந்தாலும் நம் காரை விடமாட்டார்கள், நடந்துதான் ஏறவேண்டும். ஆக, சிங்கப்பூரில் சுசுகியின் சின்ன ஃபோர் வீல் வண்டியான ஜிம்னியை வாங்கும் ஒருவர் மலை ஏற ஆசைப்பட்டால் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போயே ஆகவேண்டும். என்னுடையது செகண்ட் ஹேண்ட் ஜிம்னி. முதல் இரண்டு வருஷத்தில் அது ஏறிய ஆகப் பெரிய மேடு, ஈசூனில் எங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்தின் வேகத்தடை.

அப்புறம் ஒருநாள் கேமரன் மலையில், கம்போங் ராஜா பக்கத்தில், ஒரு காய்கறித் தோட்டத்தின் மண்பாதையில் தனியாக ஏறினேன். நாலு கிலோமீட்டர்தான். முதல்முறை பாதியில் தோற்றுப் பின்னாலேயே இறங்கி வந்தேன், இரண்டாம் முறை மேலே போய்ச் சேர்ந்தேன். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்த முதல்முறை சொல்லிக்கொடுத்தது.

அந்தத் தோட்டத்தில் முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றி இறக்கும் பழைய லேண்ட் ரோவரை ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷமாக அதே பாதை. நான் என் வண்டியின் பெருமையெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அதெல்லாம் சரி தங்கச்சி. ஏறலைன்னா எப்படித் திரும்பி வருவீங்க?" என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத்தான் முதலில் தயார்செய்ய வேண்டும். கூட ஆள் இருந்தால் இன்னொரு வண்டி கட்டி இழுக்கும், வெளியே நின்று ஒருவர் கை காட்டுவார். தனியாகப் போகிறவருக்கு ரிவர்ஸ் கியர்தான் துணை.

வீட்டிலேயே தொடங்குங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடித் தளம் காலியாகத்தான் கிடக்கும். அங்கே கேமராவைப் பார்க்காமல், பக்கக் கண்ணாடிகளை மட்டும் பார்த்து, ஒரே கோட்டில் பின்னால் வரப் பழகுங்கள். ஐம்பது மீட்டர், நடக்கிற வேகத்தில், ஸ்டியரிங் ஆடாமல். கேமராவை நம்பவேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: மண்பாதையில் முதல் பத்து நிமிஷத்திலேயே அதன்மேல் சேறு அப்பிவிடும். நான் மூன்று ஞாயிறு இதைச் செய்தேன். மேலே துணி உலர்த்த வந்த பாட்டி ஒருவர் என்னைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார், பரவாயில்லை.

அதே இடத்தில் ஒரு டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. நான் முயன்றபோது நட் அசையவே இல்லை. அதற்கு முந்தின வாரம் டயர் மாற்றிய கடையில் காற்றுத் துப்பாக்கியை வைத்து முறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். வண்டியோடு வந்த சின்ன ஸ்பானர்மேல் ஏறி நின்றுகூடப் பார்த்தேன். கடைசியில் நீளமான கைப்பிடி உள்ள ஸ்பானர் வாங்கித்தான் திறந்தது. ஈசூனில் தெரிந்தது நல்லதாய்ப் போயிற்று.

வண்டியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர் வரிசை, உள்ள ஃபோர் வீல் வண்டியாக இருக்கவேண்டும், இது கண்டிப்பு. பார்க்க ஜீப் மாதிரி இருந்து, லோ ரேஞ்ச் இல்லாத எஸ்யூவிகள் இந்த வேலைக்கு ஆகாது. சாலை டயர் இருந்தால் அதே அளவில் ஏ/டி டயர் (சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவானது) மாற்றிக்கொள்ளுங்கள். வண்டியை உயர்த்துவது, பெரிய டயர் போடுவது போன்ற மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு. முதல் மலைக்கு அவை தேவையும் இல்லை. இப்போதைய ஜிம்னியின் அடிப்பாக உயரம் 210 மில்லிமீட்டர், முன்பக்கம் முட்டாமல் மேடேறும் கோணம் 37 டிகிரி. முதல்முறை ஓட்டுபவரின் துணிச்சல் அதில் பாதிக்குமேல் போகாது, போகவும் கூடாது.

சாமான்களில் தவிர்க்கக்கூடாதவை: டயரில் காற்றழுத்தம் பார்க்கும் மீட்டர், 12 வோல்ட் காற்றடிக்கும் கருவி, மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் பலகை இரண்டு, தடித்த கையுறை, தலைவிளக்கு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிச் சதுரப் பிளைவுட். சேற்றில் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே புதையும், அதற்குத்தான் இந்தப் பலகை. ஒருநாள் கூடுதலாகத் தாங்கும் அளவுக்குத் தண்ணீர், சாப்பாடு, ஒரு குளிர்ச்சட்டை. கேமரனில் இரவு என்றால் நமக்கு உண்மையிலேயே குளிரும். இழுக்கும் நைலான் கயிறு எடுத்துப் போகலாம், ஆனால் இழுக்க இன்னொரு வண்டி வந்தால்தான் அதனால் பயன். எல்லாவற்றையும் தரையோடு தாழ்வாகக் கட்டிவையுங்கள். கூரைமேல் எதுவும் வேண்டாம், சரிவில் வண்டியைச் சாய்ப்பது அந்த எடைதான்.

பாலத்தைத் தாண்டுவது

இது அடிக்கடி ஜொகூர் போகிறவர்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வில்லை வண்டியில் ஒட்டப்பட்டு வேலைசெய்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். நம் பக்கத்தில், கிளம்பும்போது பெட்ரோல் டேங்க் முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும். அங்கே நம் வண்டிக்கு மானிய விலை ரோன் 95 போடக்கூடாது, ரோன் 97 தான். டோலுக்கு டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும்.

காப்புறுதிதான் பலர் கோட்டைவிடும் இடம். சிங்கப்பூர்க் காப்புறுதிகள் பெரும்பாலும் மேற்கு மலேசியாவில் செல்லும். ஆனால் அது சாலைக்கு. தார் இல்லாத பாதையில் நடந்த சேதத்துக்குக் கொடுப்பார்களா என்று ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியைப் படியுங்கள், புரியாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இழுவை லாரிக்கும் இதே கதை. தார்ச்சாலை முடியும் இடம்வரை வருவார்கள், அதற்குமேல் நீங்களாச்சு உங்கள் மலையாச்சு. பத்து வருஷ உரிமைச் சான்றிதழுக்குப் பணம் கட்டி ஓட்டுகிற வண்டி என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

கேமரனுக்கு இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேலே. போன அன்றே மலைப்பாதையில் இறங்கவேண்டாம். தாப்பா வழி பழையது, வளைவுகள் அதிகம், லாத்தா இஸ்கண்டார் அருவியைப் பார்த்துக்கொண்டே ஏறலாம். சிம்பாங் புலாய் வழி அகலமானது, கம்போங் ராஜா பக்கம் கொண்டுவிடும். அலுப்போடு போகிறீர்கள் என்றால் இரண்டாவதுதான். இரவு நன்றாகத் தூங்குங்கள்.

யாருடைய பாதை?

மலையில் காணும் ஒவ்வொரு மண்பாதையும் யாரோ ஒருவருடையது. வனக்காப்புக் காடு என்றால் மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். எஸ்டேட் என்றால் நிர்வாகத்திடம், காய்கறித் தோட்டம் என்றால் முதலாளியான தவ்கேயிடம் கேட்கவேண்டும். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் தமிழில் பேசினால் பதில் வரும். நான் கேமரனில் உள்ள பிரிஞ்சாங் ஊரில் தோசைக் கடையில் விசாரித்தேன். அங்கிருந்து ஒரு மண்டோர் (மேற்பார்வையாளர்), அவரிடமிருந்து தவ்கே, தவ்கேயிடமிருந்து லேண்ட் ரோவர் அண்ணன். அனுமதியைவிட முக்கியமான தகவல்கள் இப்படிக் கேட்கும்போதுதான் கிடைக்கும்: எந்த நேரத்தில் லாரி இறங்கும், எந்த வளைவில் போனவாரம் மண் சரிந்தது, எங்கே வண்டியைத் திருப்ப இடம் உண்டு.

ஏறுவதற்கு முன் நடங்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக இருக்கப்போகிறேன், ஏனென்றால் தனியாகப் போகிறவருக்கு எல்லாமே இங்கேதான் முடிவாகிறது.

அண்ணன் என்னை அன்று காலை வண்டியில் ஏறவிடவில்லை. "முதல்ல காலால ஓட்டுங்க" என்றார். கையில் ஒரு மூங்கில் குச்சியைக் கொடுத்தார். அதில் 20 சென்டிமீட்டர் உயரத்தில் கத்தியால் ஒரு கோடு. அதாவது என் வண்டியின் அடிவயிறு. லாரிச் சக்கரங்கள் பறித்த பள்ளத்தில் குச்சியை நிறுத்தும்போது நடுமேடு அந்தக் கோட்டுக்கு மேலே வந்தால், அங்கே சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கக்கூடாது. இறக்கினால் நடுமேட்டில் வயிறு உட்கார்ந்து நாலு சக்கரமும் சும்மா சுற்றும். பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள மேட்டில் சக்கரங்களை வைத்து, பள்ளத்தை நடுவில் விட்டுப் போகவேண்டும். அதே குச்சியைச் சேற்றில் குத்தினால் எவ்வளவு ஆழத்தில் கெட்டித்தரை இருக்கிறது என்று தெரியும். விரல் நீளம் இறங்கினால் போகலாம். முழங்கை வரை இறங்கினால் அன்றைக்கு அது பாதை இல்லை.

மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். கேமரனில் செம்மண் களி அதிகம். காய்ந்தால் கல் மாதிரி, ஒரு மழை பெய்தால் சோப்பு மாதிரி. உருண்டை பிடித்தால் டயரிலும் அப்படித்தான் ஒட்டும், டயரின் பள்ளங்கள் அடைந்து வழவழவென்று ஆகிவிடும். மூங்கில் புதர் நிழல் விழும் இடங்கள் மத்தியானம் வரை காயாது. நான் பிறகு தோற்றதும் அப்படி ஒரு நிழலில்தான்.

சரிவின் அளவைக் கண்ணால் நம்பாதீர்கள். கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியை ஒரு பலகைமேல் வைத்து அளங்கள். வீட்டில் கார் நிறுத்துமிடத்தின் சாய்தளத்தை இப்படி அளந்துவிட்டுப் போனால் ஒப்பிட வசதியாக இருக்கும். முதல்முறைக்கு 15 டிகிரியை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி சின்ன எண்ணாகத்தான் தோன்றும். ஆனால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் பாதை மறைந்து வானம் மட்டும் தெரியும். பக்கவாட்டில் சாயும் இடம் எதுவாக இருந்தாலும், கொஞ்சமே ஆனாலும், முதல்முறை தவிர்த்துவிடுங்கள்.

ஓடை குறுக்கிட்டால் நடந்து கடந்து பாருங்கள். ஜிம்னிக்கு நிறுவனம் சொல்லும் அளவு 300 மில்லிமீட்டர். தனியாகப் போகும்போது என் அளவு கெண்டைக்கால் பாதி. கலங்கிய தண்ணீர் வேகமாக ஓடினால் அதுவும் இல்லை, திரும்பி வந்துவிடுவேன்.

நடக்கும்போதே திருப்பும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். என் நாலு கிலோமீட்டரில் அப்படி மூன்றே இடங்கள் இருந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மாட்டினால், எவ்வளவு தூரம் பின்னால் வரவேண்டும் என்பது ஏறும்போதே மனதில் இருக்கவேண்டும். கைப்பேசிச் சிக்னல் கடைசியாகக் கிடைக்கும் இடத்தையும் குறியுங்கள்.

பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் பாதை, எத்தனை மணிக்கு ஏறுகிறேன், எங்கே இருந்தாலும் எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிவரை செய்தி இல்லாவிட்டால் தேடி வரவேண்டும். ஒரு பிரதி மலையடியில் இருப்பவரிடம், இன்னொன்றைப் படமெடுத்து வீட்டுக்கு. மலையில் பிற்பகல் மழை சகஜம், அதனால் திரும்பும் நேரம் பன்னிரண்டைத் தாண்டவேண்டாம். மலேசியாவில் அவசர எண் 999 என்பது வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

காற்றும் கியரும்

தார் முடியும் இடத்தில் நிறுத்தி, டயரில் காற்றைக் குறையுங்கள். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணிலிருந்து கால்வாசி குறைத்தால் தொடக்கத்துக்குப் போதும். என் வண்டிக்கு 26 பிஎஸ்ஐ என்றால் 19 அல்லது 20. டயர் கொஞ்சம் தளர்ந்து, தரையைப் பரந்து பிடிக்கும், கல்மேல் துள்ளாது. ரொம்பக் குறைத்தால் வளைவில் டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடும். தனியாக அந்தச் சனியன் வேண்டாம்.

ஃபோர் வீல் ஹையில் (நாலு சக்கரமும் இழுக்கும், வழக்கமான கியர் வரிசை) மண்பாதையில் ஓட்டலாம், காய்ந்த தாரில் கூடாது. அங்கே முன் பின் சக்கரங்கள் வழுக்கிச் சமாளிக்க இடமில்லாமல் கியர்பெட்டி இறுகும். ஏற்றத்துக்கு ஃபோர் வீல் லோ, அதாவது லோ ரேஞ்ச். வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து மாற்றவேண்டும். சறுக்க ஆரம்பித்த பிறகு மாற்ற முடியாது என்பதால் ஏற்றத்துக்கு முன்னாலேயே, சமதளத்தில் மாற்றிவிடுங்கள். ஆட்டோ கியர் என்றால் எல் அல்லது 2இல் வைத்து, அதுவாகக் கியர் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை ஸ்டியரிங் கம்பிக்கு உள்ளே மாட்டவேண்டாம், கல்லில் சக்கரம் திரும்பினால் விரலை அடித்துவிடும்.

ஏறும்போது அண்ணன் சொன்ன வேகம்: "பக்கத்துல ஆள் நடந்து வந்தா பேசிக்கிட்டே வர்ற மாதிரி." வேகமாகப் பாய்ந்தால் ஏறிவிடலாம் என்பது முதல்முறை ஓட்டுபவர் எல்லாருக்கும் வரும் எண்ணம். பாய்ந்தால் துள்ளும், துள்ளினால் பிடிமானம் போகும், கல்லில் அடிபட்டால் மேலே ஏறவும் முடியாது, கீழே வரவும் முடியாது. ஒரே சீராக, மிதியைக் கூட்டாமல் குறைக்காமல். கல் குறுக்கே இருந்தால் அதன்மேல் டயரை ஏற்றுங்கள். நடுவில் விட்டுப் போனால் அச்சின் நடுக்குண்டில் இடிக்கும்.

நின்றுபோனால்

மூன்றாவது வளைவு. மேலே மூங்கில், கீழே ஈரக் களி. சக்கரம் சுற்றுகிற சத்தம் மாறியது, வண்டி நகரவில்லை. நான் செய்த தப்பு, இன்னும் கொஞ்சம் மிதித்தது. பின்பக்கம் மெல்ல இடதுபுறம் நகர்ந்தது. இடதுபுறம் முட்டைக்கோஸ் பாத்திகள், பத்து மீட்டர் கீழே.

அப்போது செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன், மனப்பாடம் ஆகும்வரை படியுங்கள். மிதியை விடுங்கள். பிரேக்கை நன்றாக அழுத்துங்கள், கைப்பிரேக்கையும் போடுங்கள். மூச்சு விடுங்கள். முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சன்னல் வழியாக எட்டிப் பாருங்கள், பயத்தில் அது நமக்குத் தெரியாது. நேராக்குங்கள். லோ ரேஞ்ச் அப்படியே இருக்கட்டும், ரிவர்ஸ் போடுங்கள். கைப்பிரேக்கை எடுத்து, கால் பிரேக்கை மெல்ல, மிக மெல்லத் தளர்த்துங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், நடக்கிற வேகத்துக்குமேல் போகாது. வண்டி உருளும்போது எக்காரணம் கொண்டும் நியூட்ரல் வேண்டாம். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி மொத்தமாகச் சறுக்கினால், மனம் ஒப்பாவிட்டாலும் பிரேக்கைச் சற்று விடுங்கள். உருளுகிற சக்கரம்தான் திரும்பும்.

இன்ஜின் அணைந்துவிட்டால் பிரேக் கல்லாக இறுகும், அழுத்தியபடியே நியூட்ரலில் மறுபடி ஸ்டார்ட் செய்து, உடனே ரிவர்ஸுக்குப் போங்கள். கைப்பிரேக் போட்டே இருக்கட்டும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு: ஏற்றத்தின் நடுவில் வண்டியைத் திருப்பப் பார்ப்பது. சரிவுக்குக் குறுக்கே வண்டி வந்த கணத்தில் உருண்டுவிடலாம். முப்பது மீட்டர் நான் பின்னாலேயே இறங்கினேன், கண்ணாடியில் தெரிந்த ஒரு வெள்ளைக் கல்லைக் குறிவைத்து. ஈசூன் மொட்டைமாடியில் மூன்று ஞாயிறு கொடுத்ததெல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தில் திரும்பக் கிடைத்தது.

அதே இடத்தை இரண்டாம் தரம் முயலலாம், வேறு தடத்தில், கொஞ்சம் காய்ந்த பிறகு. மூன்றாம் தரம் வேண்டாம். ஒவ்வொரு முயற்சியிலும் சக்கரம் பள்ளத்தை இன்னும் தோண்டும்.

சமதளத்தில் புதைந்தால் கதை வேறு, அவசரம் இல்லை. மிதிக்காமல் இறங்குங்கள். சக்கரத்துக்கு முன்னால் உள்ள மண்ணைச் சாய்வாக வெட்டுங்கள், வயிற்றுக்கு அடியில் முட்டும் மண்ணையும் எடுங்கள், பலகையைச் சக்கரத்தோடு ஒட்டிச் செருகுங்கள், டயரில் இன்னும் நாலைந்து புள்ளி காற்றைக் குறையுங்கள். மெதுவாக நகர்த்துங்கள். எனக்கு இதற்கு நாற்பது நிமிஷமும் ஒரு சட்டையும் செலவானது. யாராவது வண்டியோடு உதவ வந்தால், கயிற்றை நிறுவனம் போட்டிருக்கும் இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டினால் அது பிய்ந்து துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். கயிறு இறுகியிருக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது.

இறக்கம்

மேலே போய்ச் சேர்ந்ததும் தேநீர் குடியுங்கள், படமெடுங்கள், வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்து டயரின் பக்கச்சுவரையும் கீழே எண்ணெய் ஒழுகுகிறதா என்பதையும் பாருங்கள். இறக்கம் எளிது என்று நினைப்பதால்தான் அங்கே தப்பு நடக்கிறது. லோ ரேஞ்ச், எல் கியர், கால் பிரேக்மேல் லேசாக மட்டும். இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தான் இருந்தால் போட்டுக்கொள்ளலாம், அது கடகடவென்று சத்தம் போடும், பயப்படவேண்டாம். பின்பக்கம் விலகத் தொடங்கினால் பிரேக்கை விட்டு, மிதியைத் துளி தொடுங்கள். சக்கரத்தின் வேகமும் வண்டியின் வேகமும் ஒன்றானால் நேராகிவிடும்.

எதிரே மூட்டை ஏற்றிய வண்டி ஏறி வந்தால் அதற்கு வழிவிடுங்கள். அது நின்றால் மறுபடி கிளம்பாது, அது அவர்கள் பிழைப்பு.

தாருக்கு வந்தபிறகு

ஃபோர் வீலை எடுத்துவிட்டு, காற்றைப் பழைய அளவுக்கு அடியுங்கள். தளர்ந்த டயரோடு நெடுஞ்சாலையில் 110இல் போனால் சூடேறி வெடிக்கும். கீழே இருப்பவரிடமும் வீட்டிலும் வந்துசேர்ந்த செய்தியைச் சொல்லுங்கள். நான் மறந்துபோய், அண்ணன் லேண்ட் ரோவரை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி மேலே கிளம்பிவிட்டார். வழியில் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை, ஹாரனை மட்டும் நீளமாக அடித்தார்.

இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சக்கரத்தின் உள்பக்கத்தில் அப்பியிருக்கும் களிமண்ணை அங்கேயே, மலையிலேயே, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். நான் கழுவவில்லை. நெடுஞ்சாலைக்கு வந்து 90ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது. அச்சு வளைந்துவிட்டது, பணம் போச்சு என்று ஓய்விடம் ஒன்றில் ஒதுங்கிக் குனிந்து பார்த்தால், ஒரு சக்கரத்துக்குள் மட்டும் கொழுக்கட்டை மாதிரி காய்ந்த செம்மண். ஸ்பானர் முனையால் பெயர்த்துப் போட்டேன். அதற்குப்பிறகு ஜொகூர் பாரு வரை வண்டி அசையவே இல்லை.